வயலினுக்குள் ஒரு விளக்கு: பெயர், உழைப்பு, பார்வை குறித்துச் சில குறிப்புகள்

1

வயலின் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி அதன் வெளிப்பக்கம் பற்றித்தான். வார்னிஷின் நிறம், பலகையின் வளைவு, தலையின் சுருள், வாசித்த மேதையின் பெயர், ஏலத்தில் போன விலை. உள்பக்கத்தைப் பற்றிய பேச்சு குறைவு. பேச நேர்ந்தாலும் 'ரகசியம்', 'மர்மம்', 'ஆன்மா' என்று மூன்று சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். நம் சூழலில் கலை பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று சொல்லைத்தான் சுற்றிச்சுற்றி வருகிறது என்பதால், அந்த உள்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த இருட்டுக்குள் வெளிச்சத்தை எப்படி விடுகிறார்கள்? விட்டால் என்ன தெரிகிறது? தெரிந்ததை வைத்துக்கொண்டு யார் என்ன செய்கிறார்கள்? எனக்கு இந்த மூன்று கேள்விதான்.

நான் வயலின் வாசிக்கிறவன் இல்லை. வயலின் ரிப்பேர் பார்க்கும் ஒருவருடைய பட்டறையில் பல வருஷமாகச் சாயங்காலங்களில் போய் உட்கார்ந்திருக்கிறவன். இங்கே எழுதுவதில் பாதி அங்கே கண்ணால் பார்த்தது. மீதி படித்தது.

2

முதலில் பெட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயலினின் உடம்பு ஏறக்குறைய 35.5 செ.மீ. நீளம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அடிப்பலகை, பக்கவாட்டில் வளைந்து போகும் விலாப்பட்டை, கழுத்து எல்லாம் மேப்பிள். மேல்பலகையின் கனம் 3 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அடிப்பலகை நடுவில் 4 மில்லிமீட்டருக்கு மேல், ஓரத்துக்கு வரவர மெலிந்துவிடும். இதெல்லாம் முழு மரத்தை உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து எடுப்பது. அட்டையைப்போல வளைத்து வைப்பது கிடையாது.

உள்ளே, கனத்த தந்தி ஓடும் பக்கமாக, மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் ஒட்டியிருக்கும். அது பேஸ்பார். எதிர்ப்பக்கம், குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் பருமனில் ஒரு குச்சி நிற்கும். அது சவுண்ட்போஸ்ட். இதைப் பசை வைத்து ஒட்டுவதில்லை. இரண்டு பலகைக்கும் நடுவில் சரியான அளவில் சிக்க வைப்பார்கள். தந்தியின் இறுக்கம் அதை மேலும் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் இந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்றே பெயர். அந்த ஆன்மாவை எஃப் வடிவத் துளை வழியாக ஒரு வளைந்த கம்பியில் குத்தி உள்ளே விட்டு, தட்டித்தட்டி நகர்த்தி நிறுத்துகிற மனிதனுக்குத்தான் தனிப் பெயர் எதுவும் கிடையாது.

தலைப்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, நான்கு மூலைக்கு நான்கு என ஆறு கட்டைகள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது விலங்குத் தோலில் காய்ச்சும் பசை, நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வது. வச்சிரத்தின் குணம் முக்கியம். சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். இளக வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருத்தர் மேல்பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பது செய்தவனுக்குத் தெரியும். ஆக, வயலின் என்பது மறுபடி திறப்பதற்காகவே மூடப்பட்ட பெட்டி.

3

ஆனால் ஒவ்வொரு தடவையும் திறக்க முடியாது. திறப்பது அறுவை சிகிச்சை மாதிரி. கத்தியை விடும்போது ஓரம் சிதறலாம், வார்னிஷ் பெயரலாம். அதனால் முதலில் வெளிச்சத்தை அனுப்பிப் பார்க்கிறார்கள். அனுப்ப மூன்று வழி உண்டு. இரண்டு எஃப் துளைகள் போக, தந்தித்தாங்கியைக் கட்டி வைக்கும் அடிமுளையைக் கழற்றினால் அங்கே ஒரு வட்டத் துளை.

எஃப் துளை வழியாகச் சின்ன பல்பை விடுவது பழைய முறை. எங்கள் அண்ணன் (பட்டறைக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) டார்ச் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருந்தார். கூடவே பல் டாக்டர்கள் வைத்திருக்கும், நீளக் காம்பில் சாய்ந்த வட்டக் கண்ணாடி. பல்பு ஒரு துளை வழியாக, கண்ணாடி இன்னொரு துளை வழியாக. கண்ணாடியில் மேல்பலகையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தெரியும். பல்பை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, சூட்டில் மரம் காய்ந்து விரியும். இப்போது எல்இடி வந்துவிட்டது, சூடு குறைவு. ஃபோனில் செருகும் எண்டோஸ்கோப் கேமராவும் மலிவாகக் கிடைக்கிறது. குடலைப் பார்க்கச் செய்த கருவியின் தம்பி அது.

அடிமுளையின் துளையில் கண்ணை வைத்து, எஃப் துளை வழியாக வெளிச்சம் விழச் செய்தால் சவுண்ட்போஸ்ட் முழு உயரத்துக்கும் தெரியும். நேராக நிற்கிறதா, இரண்டு முனையும் பலகையில் முழுக்கப் படிந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முனை சரியாகப் படியாவிட்டால் அந்த இடுக்கில் வெளிச்சம் மெல்லிய கோடாகக் கசியும்.

மூன்றாவது, அறையை இருட்டாக்கிவிட்டு விளக்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து பார்ப்பது. ஸ்ப்ரூஸ் மெலிந்த பலகையாக இருந்தால் ஒளியைக் கொஞ்சம் கடத்தும். பலகை தேன் நிறத்திலோ செந்நிறத்திலோ மங்கலாக எரியும். மெலிந்த இடம் கூடுதலாக ஒளிரும், கனத்த இடம் இருளும். உள்ளே ஒட்டுப்போட்டிருந்தால் சதுரம் சதுரமாக நிழல். பேஸ்பார் ஒரு நீளக் கறுப்பு. பசை விட்ட இணைப்பும் விரிந்த வெடிப்பும் கூர்மையான ஒளிக்கோடு. வெளியிலிருந்து பார்த்தால் வார்னிஷால் மெழுகி மறைத்த பழைய காயங்கள் பல இப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நேரே பாய்ச்சுகிற வெளிச்சம் எதையும் காட்டாது, எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பலகைக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாக, சாய்ந்து வருகிற வெளிச்சத்தில்தான் உளித்தடம், சுரண்டிய தடம், மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். "வெளக்க நேராப் புடிச்சா மரம் ஒண்ணும் சொல்லாது தம்பி, ஓரமாப் புடிச்சாத்தான் பேசும்" என்பார் அண்ணன். கோட்பாடு படிக்கிறவர்களுக்கும் இது உதவும்.

இவை போக, புற ஊதா விளக்கு வெளிப்பக்க வார்னிஷுக்கு. அந்த விளக்கில் வார்னிஷ்கள் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும், அரக்கு ஆரஞ்சாக. பிற்காலத்தில் பூசிய இடம் தனித்துத் தெரியும். எக்ஸ்ரேயும் ஒளிதான், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அமெரிக்காவில் ஸ்டீவன் சர் என்ற கதிரியக்க மருத்துவர், வயலின் செய்யும் இரண்டு பேரோடு சேர்ந்து, காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் 'பெட்ஸ்' என்ற 1704ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி வயலினை சிடி ஸ்கேன் எடுத்து, அந்த அளவுகளிலேயே நகல்கள் செய்து 2011இல் காட்டினார். பகானினி வாசித்த, 1743இல் குவார்னேரி செய்த 'கானோனே' வயலின் ஜெனோவா நகரின் சொத்து. அதை 2024இல் ஃபிரான்ஸின் கிரெனோபிலில் உள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே ஆய்வகத்துக்கே கொண்டுபோய்ப் படமெடுத்தார்கள். டார்ச் பல்பிலிருந்து சின்க்ரோட்ரான் வரை சாதனம் வளர்ந்திருக்கிறது. செய்கிற காரியம் ஒன்றுதான்.

4

எஃப் துளைக்குள் வெளிச்சத்தை விட்டதும் பெரும்பாலானோர் தேடுவது ஒரு காகிதத் துண்டை. அடிப்பலகையின் உள்பக்கம், இடதுபுற எஃப் துளைக்கு நேர்கீழே, ஒட்டிய பெயர்ச்சீட்டு. அன்டோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ், கிரெமோனாக்காரன், இந்த வருஷத்தில் செய்தான் என்று லத்தீனில் அச்சடித்திருக்கும். வருஷத்தின் கடைசி இலக்கங்கள் கையால் எழுதப்பட்டிருக்கும்.

உலகத்தில் இந்தச் சீட்டு ஒட்டிய வயலின்கள் ஏராளம். கிரெமோனாவில் 1737இல் இறந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி செய்தவை என்று இன்று ஒப்புக்கொள்ளப்படும் கருவிகள், செல்லோ, வியோலா எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 650. மீதிச் சீட்டெல்லாம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் சாக்ஸனியில் மார்க்நாய்கிர்ஹன், அதை ஒட்டி பொஹீமியாவில் ஷோன்பாக் (இன்று செக் நாட்டில் லூபி), ஃபிரான்ஸில் மீர்கூர். 19ஆம் நூற்றாண்டிலும் 20இன் தொடக்கத்திலும் உலகத்துக்கான மலிவு வயலின்களில் பெரும்பங்கு இந்த ஊர்களிலிருந்து வந்தது. சாக்ஸனி, பொஹீமியா பக்கம் பலரும் வீட்டிலேயே கூலிக்கு வேலை செய்தவர்கள். ஒரு குடும்பம் கழுத்தும் சுருளும் மட்டும், ஒரு குடும்பம் பலகை மட்டும், இன்னொருவர் சேர்த்து ஒட்ட, வேறொருவர் வார்னிஷ் அடிக்க. வாங்கி ஏற்றுமதி செய்தவர்கள் மொத்த வியாபாரிகள். மார்க்நாய்கிர்ஹன் என்ற அந்தச் சின்ன ஊரில் 1893 முதல் 1916 வரை அமெரிக்கத் தூதரக அலுவலகம் ஒன்று இருந்தது என்றால் வியாபாரத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

சீட்டு ஒட்டியதெல்லாம் மோசடி என்றும் சொல்ல முடியாது. ஸ்ட்ராடிவாரி என்பது பல இடங்களில் வெறும் 'மாடல்' பெயர். இந்த அச்சில் செய்தது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், இறக்குமதிச் சரக்கில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகு வந்த சீட்டுகள் பலவற்றில் மேலே லத்தீனில் ஸ்ட்ராடிவாரியுஸ், 1721. கீழே ஆங்கிலத்தில் 'ஜெர்மனியில் செய்தது'. மேதையின் பெயரும் சுங்க இலாகாவின் முத்திரையும் ஒரே காகிதத்தில். ஆசிரியன் என்பவன் யார் என்று ஃபூக்கோ 1969இல் ஓர் உரையில் கேட்டார். பெயர் என்பது ஓர் ஆளைக் குறிப்பதைவிட, சரக்குகளை வகைப்படுத்தவும் புழங்கவிடவும் பயன்படுகிற ஒரு செயல்பாடு என்ற அவருடைய வாதத்துக்கு இந்தக் காகிதத்தைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

அசல் ஸ்ட்ராடிவாரியிலும் அந்தப் பெயர் ஒரு தனி ஆளைக் குறிப்பதில்லை. பட்டறையில் மகன்கள் ஃபிரான்செஸ்கோவும் ஒமோபோனோவும் காலமெல்லாம் வேலை பார்த்தார்கள். வெளியே போனது தகப்பன் பெயர்.

5

இப்போது சீட்டை விட்டுவிட்டு விளக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

கூலிக்குச் செய்த மலிவு வயலின்களில் பலவற்றில் பேஸ்பார் தனியாக ஒட்டியிருக்காது. பலகையைக் குடையும்போதே நடுவில் ஒரு மேட்டை விட்டு அதையே பேஸ்பார் என்று வைத்திருப்பார்கள். தனியாக ஒரு சட்டத்தைச் செதுக்கிப் பொருத்தும் நேரம் மிச்சம். மூலைக்கட்டைகள் சிலவற்றில் இருக்காது. இன்னும் சிலவற்றில், கட்டை இருப்பதுபோலத் தெரிய ஒரு மெல்லிய துண்டை மூலையில் குறுக்கே வைத்திருப்பார்கள். உள்பக்கம் உளித்தடம் அப்படியே சொரசொரப்பாக இருக்கும். எஃப் துளை வழியாகக் கண்ணுக்குப் படுகிற இடம் மட்டும் இழைத்து வழவழப்பாக்கப்பட்ட வயலின்களும் உண்டு. வாங்குகிறவனின் பார்வை எதுவரை போகுமோ அதுவரை நேர்த்தி.

இதைக் கைவேலை தெரியாதவர்களின் அலட்சியம் என்று நிபுணர்கள் எழுதுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இது கூலிக் கணக்கு. டஜனுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற ஒருவன், எந்த இடத்தில் உழைப்பை நிறுத்த வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்து நிறுத்தியிருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தன் நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகள் நம் கைக்கு வரவில்லை. வந்தது இந்த உளித்தடம்தான். பண்டத்துக்குள் உழைப்பு மறைந்து கிடக்கிறது என்று மார்க்ஸ் சொன்னதை நாம் ஒரு உருவகமாகவே படித்துப் பழகிவிட்டோம். இங்கே அது நேரடியாக, சாய்வெளிச்சத்தில், விரலால் தடவிப் பார்க்கக்கூடிய வரிவரியான பள்ளமாக இருக்கிறது.

அடுத்தது ரிப்பேர்காரர்கள். பழைய வயலின்களைத் திறந்தால் உள்ளே பென்சில் எழுத்து கிடைப்பது சகஜம். இன்னார் பழுது பார்த்தது, இந்த ஊர், இந்த வருஷம். வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டிய சின்னச் சதுரத் துண்டுகள், அவற்றின் ரேகை பலகையின் ரேகைக்குக் குறுக்காக ஓடும். சவுண்ட்போஸ்ட் அழுத்தி அடிப்பலகை கீறினால் விலை சரிந்துவிடும். அந்த இடத்தில் மரத்தைக் கிண்ணம்போலக் குடைந்து புது மரத்தைப் பொருத்தியிருப்பார்கள். இந்தப் பொருத்தத்தின் விளிம்பைப் பார்த்தாலே செய்தவரின் கை தெரியும் என்பார் அண்ணன்.

1800ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் பெரிய அரங்குகளுக்காகத் தந்தியின் இறுக்கத்தைக் கூட்டினார்கள். அதைத் தாங்குவதற்காகப் பழைய வயலின்கள் அனைத்துக்கும் என்று சொல்லுமளவுக்குக் கழுத்து மாற்றிச் சாய்க்கப்பட்டது, பேஸ்பார் கழற்றிப் பெரிதாக வைக்கப்பட்டது. அதாவது இன்று மேடையில் ஒலிக்கும் 'அசல்' ஸ்ட்ராடிவாரி எதுவும் ஸ்ட்ராடிவாரி கேட்ட ஒலி கிடையாது. பெயர் தெரிந்தும் தெரியாமலும் போன பழுதுபார்ப்பவர்கள் பலருடைய கூட்டுப் பனுவல் அது. சீட்டில் பெயர் ஒன்றுதான்.

6

விளக்கு யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நோயாளியின் உடம்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் ஒரு புது அறிவை உண்டாக்கியது. அதே கையோடு அந்த அறிவை வைத்திருப்பவருக்கு ஒரு புது அதிகாரத்தையும் உண்டாக்கியது. மருத்துவமனையின் பிறப்பு பற்றி 1963இல் வந்த நூலில் ஃபூக்கோ காட்டுவது இதை. வயலின் சந்தையில் இது அச்சாகப் பொருந்தும். உள்ளே பார்த்து 'இது அசல்' என்று சான்றிதழ் எழுதும் நிபுணரே பல சமயம் அதை விற்கிறவராகவும் இருந்திருக்கிறார். ஒருவர் சொல்கிற ஒரு சொல்லில் விலை சில ஆயிரத்திலிருந்து பல கோடிக்குப் போகும். 'லேடி பிளண்ட்' என்ற 1721ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி 2011இல் 1.59 கோடி டாலருக்குப் போனது.

வியன்னாவைச் சேர்ந்த டீட்மார் மாஹோல்ட் உலகத்தின் பெரிய வயலின் வியாபாரிகளில் ஒருவர். அவருடைய சொல்லே சான்றாக இருந்தது. ஸ்ட்ராடிவாரி என்று சொல்லி வங்கியில் அடமானம் வைத்த வயலின்கள் சாதாரண விலைச் சரக்கு என்று பிறகு தெரியவந்தது. 2010இல் திவால், 2012இல் ஆறு வருஷச் சிறைத் தண்டனை. வங்கியில் யாரும் விளக்குப் பிடிக்கவில்லை; நிபுணரின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று 'மெஸையா'. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டில் 1716. வாசிக்கப்படாமலே கிடந்ததால் புதுசுபோல இருக்கிறது. அந்தப் புதுசுதான் சந்தேகத்தையும் கிளப்பியது. 1855இல் இதை வாங்கிய பாரிஸ்காரர் வியோம், பழைய வயலின்களைத் தத்ரூபமாக நகல் செய்வதில் பேர்போனவர். அவரே செய்ததாக இருக்குமோ? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஸ்டீவர்ட் பாலன்ஸ் 1990களின் கடைசியில் இந்தக் கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பினார். புகைப்படங்களில் மர வளையங்களை எண்ணிய ஒரு கணக்கு, மரமே ஸ்ட்ராடிவாரி இறந்த பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது என்றது. பிறகு நேரில் அளந்த அமெரிக்க ஆய்வாளர்கள் குழு 2004இல் வெளியிட்ட கட்டுரை, வளையங்கள் 1577 முதல் 1687 வரைக்குரியவை என்றது.

இதில் என்னை ஈர்ப்பது முடிவைவிடத் தர்க்கம். கடைசி வளையம் 1687 என்றால் வயலின் அதற்கு முன்னால் செய்யப்பட்டதில்லை என்று மட்டும் நிச்சயம். 1716இல் செய்தது என்றோ, ஸ்ட்ராடிவாரியே செய்தார் என்றோ வளையம் சொல்லாது. பழைய மரத்தை எடுத்துப் புதிய வயலின் செய்ய யாராலும் முடியும். மரத்தின் சாட்சியம் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லும். 'ஆமாம்' என்று சொல்லாது. 'ஆமாம்' என்று சொல்வது எப்போதும் மனிதர்கள், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு நிறுவனம், ஒரு நலன். அதுவும் போக, மெஸையாவின் பேஸ்பாரை மாற்றியவரும் கழுத்தை நீட்டியவரும் வியோம்தான். ஆக 'முழு அசல்' என்று வணங்கப்படும் வயலினிலும் விளக்கை விட்டால் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தெரிகிறது.

7

வெளிச்சத்தை அணைத்துப் பார்த்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஒலியியல் ஆய்வாளரும் ஜோசஃப் கர்ட்டின் என்ற வயலின் செய்பவரும் மற்றவர்களும் சேர்ந்து 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம் 6 வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. விளக்கொளி மங்கல், வாசிப்பவர் கண்ணில் வெல்டிங் கண்ணாடி, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காதிருக்க மோவாய்ப் பலகையில் ஒரு சொட்டு வாசனைத் திரவியம். எது பழசு, எது புதுசு என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அதிகம் விரும்பப்பட்டது புதியது ஒன்று. பாரிஸில் 10 தனிக்கலைஞர்கள், 12 வயலின்கள் என்று மறுபடி செய்து 2014இல் வெளியிட்டபோதும் ஏறக்குறைய இதே கதை.

இதனால் பழைய வயலின் மட்டம் என்றாகிவிடாது. காது கேட்பதாக நாம் நம்பிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கைக் கண்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வார்னிஷையும் சீட்டையும் பார்த்த கண். ஸ்ட்ராடிவாரியின் வார்னிஷையே பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் ஐந்து கருவிகளில் சோதித்து 2010இல் எழுதினார்கள். ஓவியர்கள் அந்தக் காலத்தில் சாதாரணமாகப் பயன்படுத்திய எண்ணெய், பிசின், நிறமிகள். ரகசியம் ஏதும் இல்லை.

8

இது நம்மை எங்கே தொடுகிறது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு போன்றோர் வழியாக வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. பின்னால் வந்த கருவிகளில் எத்தனையோ மேலே சொன்ன ஜெர்மன், செக் ஊர்களின் சரக்கு. இன்றும் பட்டறைக்கு வருகிறவர்களில் ஒருத்தராவது "எங்க தாத்தா வெள்ளைக்காரன்கிட்ட வாங்கினது, ஸ்ட்ராட்" என்று சொல்லாமல் போவதில்லை. அண்ணன் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பார். "சீட்டு அப்படித்தான் சொல்லுதுங்க" என்பார். மூலைக்கட்டை என்ன சொல்கிறது என்பதை அவர்கள் போன பிறகு என்னிடம் சொல்வார். ஏன் நேரில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாஞ் சொன்னா நம்புவாகளா தம்பி? வித்துவான் சொன்னா நம்புவாக" என்றார். விளக்கு அவர் கையில். தீர்ப்பு அவர் வாயில் இல்லை. வாசிக்கிறவருக்கு வித்துவான் பட்டம், மரம் தெரிந்தவருக்கு ஒருமையில் கூப்பிடும் சாதிப் பெயர். நம் இசை உலகத்தின் அமைப்பு இதுதான்.

வீணையும் இதற்கு விலக்கில்லை. பலா மரத்தைக் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள். குடத்தின் பலகையில் இருக்கும் சின்னத் துளைகளுக்குள் எட்டிப்பார்க்க ஒரு எல்இடியும் மெல்லிய கேமராவும் போதும். குடத்துக்குள் உளி போன போக்கு தெரியும். புவிசார் குறியீடு ஊருக்குப் பெயர் கொடுக்கிறது. குடைந்த கைக்கு இன்னும் கொடுக்கவில்லை.

நம் ஊர் வயலின்களுக்குள் விளக்கு விட்டால் ஐரோப்பிய வயலின்களில் காண்கிற பென்சில் எழுத்து அனேகமாக இருப்பதில்லை. நான் பார்த்தவரை ஒட்டு இருக்கிறது, சதுரத் துண்டு இருக்கிறது, அவசரத்தில் போட்ட வெள்ளைப் பசை இருக்கிறது (அது வச்சிரம் மாதிரி இளகாது, அடுத்துத் திறப்பவன் மரத்தைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்). பெயர் இல்லை. கேட்டால், "நம்ம பேரை அதுல எழுதுனா வித்துவான் கோவிச்சுக்குவாரு" என்கிறார்கள்.

அதனால் இரண்டு காரியம் சொல்லத் தோன்றுகிறது. கருவி வைத்திருக்கிற நண்பர்கள் அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது விளக்கைப் பிடித்து உள்ளே பாருங்கள், சீட்டைத் தாண்டிப் பாருங்கள், என்ன தெரிகிறது என்று பழுது பார்ப்பவரையே விளக்கச் சொல்லுங்கள். சங்கீதத்தின் சமூக வரலாறு எழுத விரும்புகிறவர்களுக்குச் சபைகளின் மலர்களிலும் வித்துவான்களின் சரித்திரத்திலும் கிடைக்காத ஆவணம் அங்கே கிடக்கிறது. மற்றது பழுது பார்க்கிறவர்களுக்கு. மேல்பலகையைக் கழற்றினால் மூடுவதற்கு முன்னால் வேலை விவரம், ஊர், தேதி, பெயர், பக்கத்தில் நின்று வச்சிரம் காய்ச்சிக் கொடுத்த பையனின் பெயரும் சேர்த்துப் பென்சிலால் எழுதிவிட்டு மூடுங்கள். ஒலி கெடாது. அண்ணனிடம் இதை நான் சொல்லியிருக்கிறேன். போன தையிலிருந்து எழுதுகிறார்.